வாட்ஸ்அப் ஓடினால் போன் ஓடுகிறது என்று அர்த்தமில்லை

சிட்னிக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது மூன்றே விஷயம்: வாடகை வீடு, நம்மூர் மளிகைக் கடை, சிம் கார்டு. முதல் இரண்டுக்கும் பெண்டில் ஹில் பக்கம் போனால் சொல்ல ஆள் இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் அப்பா பிளாக்டவுன் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் நின்றது. அதற்கு வருகிறேன்.

சிம் வாங்குவது ஒரு வேலையே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பால் பாக்கெட் எடுக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்து இணையத்தில் ஆக்டிவேட் செய்தால் ஆயிற்று. ஆதார், கைரேகை என்று எதுவும் கிடையாது. முதலில் பிரீபெய்டே எடுங்கள். 28 நாள் கணக்கு இங்கேயும் உண்டு, 365 நாள் பிளானும் உண்டு. வெளிநாட்டு அழைப்பு இலவசம் என்று போட்டிருந்தால் எந்தெந்த நாடு என்று பட்டியலைப் பாருங்கள். இந்தியா இருப்பதால் இலங்கையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். அதில் ரோமிங்கை விமானம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட்டு வாருங்கள்.

கம்பெனி பெயர்கள் இருபது இருக்கும், மலைக்க வேண்டாம். சொந்த நெட்வொர்க் உள்ளவை மூன்றுதான்: டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடபோன். மற்றவை எல்லாம் குத்தகைக்காரர்கள். பூஸ்ட், ஆல்டி, வூல்வொர்த்ஸ் டெல்ஸ்ட்ராவில் ஓடுகின்றன, அமேசிம் ஆப்டஸில், லெபாரா, கோகன் வோடபோனில். இதில் ஒரு சின்ன சூது: டெல்ஸ்ட்ராவைக் குத்தகை எடுத்தவர்களில் பூஸ்டுக்கு முழு நெட்வொர்க். ஆல்டிக்கும் வூல்வொர்த்ஸுக்கும் 'ஹோல்சேல்' நெட்வொர்க், அதாவது கொஞ்சம் சிறியது. சிட்னிக்குள் இருக்கும்வரை உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. கடலோரத்தை விட்டு நாட்டின் உட்பகுதியில் எங்காவது வேலை கிடைத்துப் போனால் தெரியும். அதேபோல் 'கவரேஜ் 98 சதவீதம்' என்று விளம்பரத்தில் பார்த்தால் அது மக்கள்தொகையில் சதவீதம், நிலத்தில் அல்ல. இந்த நாட்டில் பெரும்பாலோர் கடலோரத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். நடுவில் உள்ள பாலைவனத்தில் ஒரு டவர்கூட இல்லாமலே அந்தச் சதவீதம் வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வோல்ட்டி (VoLTE).

ஜியோ 2016-ல் வந்ததிலிருந்து நமக்கு இந்தச் சொல் பழக்கம். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அப்போது பேச்சு முழுக்க 4ஜி வழியாகத்தான் போனது, அதுதான் வோல்ட்டி. அதனால் 'என் போனில் வோல்ட்டி இருக்கிறதே' என்று நாம் தெம்பாக இருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். யாரும் சொல்லாத சங்கதி என்னவென்றால், வோல்ட்டி என்பது போனில் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அல்ல. எந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கில் வேலை செய்யும்படி அந்த போனின் மென்பொருளில் ஏற்பாடு இருக்கிறது என்பதே கேள்வி. இந்தியாவில் விற்கத் தயாரித்த மாடலில் ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் ஏற்பாடு இருக்கும். ஆப்டஸுக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? முன்பெல்லாம் ஒன்றும் ஆகாது. டேட்டாவுக்கு 4ஜி மாடியில் உட்கார்ந்திருக்கும் போன், அழைப்பு வந்ததும் படியிறங்கி 3ஜிக்கோ 2ஜிக்கோ வந்து பேசிவிட்டு மறுபடி மேலே போய்விடும். ஊரில் ஏர்டெல்லிலும் பிஎஸ்என்எல்லிலும் அந்தக் கீழ்வீடு இன்னமும் இருக்கிறது. இங்கே இடித்துவிட்டார்கள். 2ஜியை மூன்று கம்பெனிகளும் 2018-க்குள் மூடின. 3ஜியை வோடபோன் 2024 தொடக்கத்தில் முடித்தது, டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28-ல் மூட ஆரம்பித்தன. இறங்கி வர இடமில்லை.

அதோடு நிற்கவில்லை. இந்த நாட்டின் அவசர எண் 000. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். 000-ஐ அழைக்க முடியாத போனுக்கு எந்தக் கம்பெனியும் சேவை தரக்கூடாது என்று விதி. அழைப்பு மட்டும் போகாது என்று நினைக்காதீர்கள், டேட்டாவும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். போன் நேற்று வாங்கிய புதுசு என்றாலும் சரி.

அப்பாவின் போன் புதுசுதான். சிட்னிக்குப் போகிறாரே என்று தம்பி ரிச்சி தெருவில் பதினெட்டாயிரத்துக்கு வாங்கிக் கொடுத்தான். 'உலகம் பூரா வேலை செய்யும் சார்' என்றாராம் கடைக்காரர். நான் ஒரு பிரீபெய்டு சிம்மைப் போட்டுக் கொடுத்தேன், வாட்ஸ்அப் வீடியோவில் அம்மா முகம் தெரிந்தது, முடிந்தது கதை என்று விட்டுவிட்டேன். யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் யார் சாதாரண அழைப்பில் பேசுகிறார்கள்? எல்லாம் வாட்ஸ்அப். அதுவும் வீட்டு வைஃபையில். சிம் செத்துக் கிடந்தாலும் தெரியாது. இடையில் கம்பெனியிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, 'உங்கள் கருவியை மாற்றுங்கள்' என்று. புது போன் விற்கப் பார்க்கிறான் என்று நானே அதை அழித்தேன்.

2025 பங்குனி உத்திரம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆபீஸ் போகிற வழியில் அப்பாவை மேஸ் ஹில் முருகன் கோயிலில் இறக்கிவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வெஸ்ட்மீட்டில் ரயிலேறி டூங்காபியில் இறங்குவதாகப் பேச்சு. அவர் ஏறியது டூங்காபியில் நிற்காத வண்டி. தன் ஸ்டேஷன் ஜன்னலில் ஓடிப் போவதைப் பார்த்துவிட்டு பிளாக்டவுனில் இறங்கியிருக்கிறார். எனக்கு அடித்தால் போகவில்லை. சிக்னல் இருக்குமிடம் தேடி பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்திருக்கிறார், வேட்டியோடு, கையில் பிரசாதப் பையோடு. முப்பத்தாறு வருஷம் வாத்தியாராக இருந்தவர், யாரிடமும் உதவி கேட்கக் கூச்சம். கடைசியில் ஒரு பஞ்சாபிப் பையன் தானாக வந்து 'அங்கிள்' என்று கேட்டு, தன் போனிலிருந்து என்னை அழைத்தான். அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு அன்று வந்த கோபத்தில் முக்கால்வாசி என் மேல்தான்.

ஆகவே ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள். போனில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் வரும், அதாவது அந்த ஒரு போனுக்கு மட்டும் உரிய அடையாள எண். எந்தக் கம்பெனி சிம் எடுக்கப் போகிறீர்களோ, அவர்கள் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். போனின் பெயரை வைத்துத் தேடிப் புண்ணியமில்லை. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண் இருக்கும். ஐபோனில் இந்தத் தொல்லை குறைவு. ஆண்ட்ராய்டில்தான் எல்லாம், அதிலும் இந்தியாவுக்கென்றே வரும் விலை குறைந்த மாடல்களில். பெற்றோரை வரவழைக்கிறீர்கள் என்றால் அவர்கள் போனையும் பாருங்கள். போன் ஏற்கெனவே கையோடு வந்துவிட்டதா? சிம் போட்டதும் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு சாதாரண அழைப்பு செய்யுங்கள். பேசும்போது மேலே 4ஜி அல்லது வோல்ட்டி என்று நிற்க வேண்டும். சோதித்துப் பார்க்கிறேன் என்று 000-ஐ மட்டும் அடித்துவிடாதீர்கள். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தால் அதையும் நம்ப வேண்டாம். அந்த போனால் முடியாதது அதுவாகவே இருக்கலாம்.

அப்பாவுக்கு இங்கேயே ஒரு சாதாரண போன் வாங்கிக் கொடுத்தேன். கடைசி நாள் வரை அதைத் தொட மனசில்லை அவருக்கு, 'நல்ல போனைக் கெட்டதுன்னு சொல்றானுங்க' என்று பழையதை வைஃபையில் வைத்துக்கொண்டு நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தார். மதுரைக்குத் திரும்பிய அன்றே அந்தப் பழைய போனில் ஜியோ சிம்மைப் போட்டு, ஐஎஸ்டி காசைக்கூடப் பார்க்காமல், எனக்கு நேரடியாக ஓர் அழைப்பு.

"இப்ப கேக்குதாடா? எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தியா?"