பழைய கார்ட்டூன் ஓப்பனிங் லோகோ ஒரிஜினலா, அப்புறம் ஒட்டினதா? கண்டுபிடிக்கிறது எப்படி

பழைய தியேட்டர் கார்ட்டூன் தேடித் தேடி பாக்குறவங்களுக்கு இந்தக் குழப்பம் கண்டிப்பா வரும். ஒரே கார்ட்டூன்தான், ஒரு காப்பில ஒரு லோகோ, இன்னொண்ணுல வேற லோகோ, மூணாவதுல லோகோவே இல்லாம நேரா பேரு வந்து நிக்குது. இதுல எது முதல்ல தியேட்டர்ல ஓடினது? நெறைய பேர் லோகோவை மட்டும் பாத்துட்டு இது இந்த வருஷத்து பிரிண்ட்டுன்னு அடிச்சு சொல்லிடுறாங்க, அங்கதான் தப்பு நடக்குது. ஒரு கார்ட்டூன்ல மாத்துறதுக்கு ரொம்ப ஈஸியான இடமே அந்த முதல் அரை நிமிஷம்தான், அதனால லோகோவை சாட்சியா எடுத்துக்கோங்க, தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

டிஸ்னிதான் பழகுறதுக்கு சுலபம். படத்தை யாரு ரிலீஸ் பண்ணாங்கன்னு ஆரம்பத்துல பேர் போடுற கார்டுலயே இருக்கும், அந்தக் கம்பெனி காலத்துக்கு காலம் மாறிருக்கு: 1930ல இருந்து 1932 வரைக்கும் கொலம்பியா, 1937 வரைக்கும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், அப்புறம் ஆர்.கே.ஓ., 50கள் நடுவுல இருந்து டிஸ்னியோட சொந்த கம்பெனியான ப்யூனா விஸ்டா. அப்போ 1934ல வந்த ஒரு மிக்கி கார்ட்டூன்ல ஆர்.கே.ஓ. பேரு இருந்தா, அது பின்னாடி ரீ-ரிலீஸ் பண்ணப்போ மாட்டின கார்டு, அவ்ளோதான், யோசிக்கவே வேணாம்.

வார்னர் பிரதர்ஸ்தான் நம்மள சுத்தல்ல விடும். அந்த வட்டம் வட்டமான பேக்கிரவுண்டு, நடுவுல இருந்து பாய்ஞ்சு வர்ற கேடயம், இதெல்லாம் பாத்தவுடனே எல்லாம் ஒண்ணு மாதிரியே தெரியும். முதல்ல பேரைப் படிங்க. தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர்னு இருந்தா, 1944ல அவர் ஸ்டுடியோவை வார்னருக்கு வித்துட்டாரு, அதுக்கு முன்னாடி செஞ்ச கார்ட்டூன்னு எடுத்துக்கலாம். அடுத்து காதைக் குடுங்க. லூனி டூன்ஸுக்கும் மெர்ரி மெலடிஸுக்கும் தனித்தனி தீம் மியூசிக், கார்டுல ஒரு சீரிஸ் பேரும் காதுல இன்னொரு சீரிஸ் பாட்டும் வந்தா எங்கயோ கை வச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். கலரும் ஒரு துப்புதான், லூனி டூன்ஸ் 1942க்கு முன்னாடி வரைக்கும் கருப்பு வெள்ளை, அதனால 1938 லூனி டூன்ஸ் கலர்ல கிடைச்சா பின்னாடி கலர் ஏத்தினது.

இதுல பெரிய வில்லன் ப்ளூ ரிப்பன். 1943ல இருந்து வார்னர் பழைய கலர் கார்ட்டூன்களை இந்தப் பேர்ல திரும்ப ஓட்டினாங்க. அதுக்காக ஒரிஜினல் ஓப்பனிங்கையும் டைட்டில் கார்டையும் நெகட்டிவ்ல இருந்தே, அதாவது எல்லா பிரிண்ட்டும் எடுக்குற மூல ஃபிலிம்ல இருந்தே, வெட்டி எடுத்துட்டு ரிப்பன் போட்ட கார்டை சேத்தாங்க, டைரக்டர், அனிமேட்டர், மியூசிக் போட்டவர்னு எல்லார் பேரும் அதோட போச்சு. (கொஞ்சம் காசு மிச்சம் பண்றதுக்காக இப்படியா பண்ணுவாங்கன்னு எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.) 1940ல டெக்ஸ் ஏவரி எடுத்த, பக்ஸ் பன்னியோட முதல் சரியான கார்ட்டூன்னு எல்லாரும் சொல்ற 'எ வைல்ட் ஹேர்' கதையைப் பாருங்க. ரீ-ரிலீஸ் கார்டுல பேரு 'தி வைல்ட் ஹேர்'னு மாறிடுச்சு. அது மட்டும் இல்ல, பக்ஸ் பின்னாடி நின்னு கண்ணைப் பொத்தி யாருன்னு கேக்கும்போது வேட்டைக்காரன் எல்மர் நடிகைங்க பேரா சொல்லுவான்ல, அதுல கரோல் லொம்பார்டுன்னு இருந்த இடத்துல பார்பரா ஸ்டான்விக்னு வரும், ஏன்னா லொம்பார்டு 1942ல விமான விபத்துல இறந்துட்டாங்க. அதனால இந்தக் கார்ட்டூனுக்கு லோகோவையே பாக்க வேணாம், அந்த ஒரு பேரைக் கேட்டாலே எந்தக் காப்பின்னு தெரிஞ்சிடும்.

டிவிக்கு வித்த காப்பிங்க தனி ரகம். பாப்பாய் கார்ட்டூன்களை 1956ல ஏ.ஏ.பி.ன்னு ஒரு கம்பெனி வாங்கிச்சு, அதனால முதல்ல ரிலீஸ் பண்ண பாரமவுண்டோட மலை லோகோவை தூக்கிட்டு முன்னாடி ஏ.ஏ.பி. லோகோவை வச்சாங்க, அதுக்கப்புறம் கப்பல் கதவு திறந்து பேருங்க வர்ற டைட்டில் பழசு, முன்னாடி இருக்கிறது புதுசு. பெட்டி பூப் கார்ட்டூன்கள் யூ.எம். அண்ட் எம்.னு இன்னொரு டிவி கம்பெனி கைக்கு போச்சு, அங்க பாரமவுண்ட் பேரு வர்ற இடத்தை எல்லாம் மறைச்சு அவங்க பேரை போட்டாங்க, எழுத்து ஸ்டைலே பொருந்தாது, பாத்தவுடனே தெரியும்.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச டெஸ்ட். பிரிண்ட்டை கையால வெட்டி ஒட்டியிருந்தா படமும் சவுண்டும் ஒரே நேரத்துல மாறாது. ஃபிலிம்ல ஒரு ஃப்ரேமுக்கான சவுண்டு அந்த ஃப்ரேமுக்கு பக்கத்துலயே இருக்காது, 35 எம்எம்ல 20 ஃப்ரேம், 16 எம்எம்ல 26 ஃப்ரேம் முன்னாடி இருக்கும். ஒட்டு முதல்ல படம் தெரியிற இடத்தை தாண்டும், அப்புறம்தான் சவுண்டு படிக்கிற இடத்துக்கு வரும். அதனால லோகோ போய் டைட்டில் வந்த பிறகும் பழைய மியூசிக் கிட்டத்தட்ட ஒரு செகண்டு ஓடிட்டு, டப்புன்னு ஒரு சத்தத்தோட புது மியூசிக் நடுவுல இருந்து ஆரம்பிக்கும். விஎல்சி பிளேயர்ல அந்த இடத்துல நிறுத்திட்டு 'ஈ' கீயை ஒவ்வொரு தட்டா தட்டுங்க, ஒவ்வொரு ஃப்ரேமா நகரும், ஒட்டு இருந்தா படம் ஒரு குலுங்கு குலுங்கும், கலரும் கீறலும் அந்தப் பக்கம் ஒரு மாதிரி இந்தப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு, ப்ளூ ரிப்பன் மாதிரி நெகட்டிவ்லயே மாத்தினதுக்கு இந்த டெஸ்ட் வேலை செய்யாது, அங்க சவுண்டையும் சேத்து ஒழுங்கா பண்ணிருப்பாங்க.

டைட்டில் கார்டுல கீழ இருக்கிற ரோமன் எண் காப்பிரைட் வருஷத்தையும் படிச்சுக்கோங்க, ரிலீஸ் வருஷத்தோட ஒண்ணு முன்ன பின்ன இருந்தா கண்டுக்காதீங்க, வருஷக் கடைசில பதிவு பண்ணி அடுத்த வருஷம் விட்டதும் உண்டு. கடைசி கார்டையும் விடாம பாருங்க. ஓப்பனிங் அருமையா இருந்தும் முடிவுல 1995 டர்னர் (டிவி கம்பெனி) டப்டு வெர்ஷன்னு ஒரு வரி சின்னதா இருந்தா, அந்த எண்ட் கார்டு டிவி காலத்துல மாட்டினது, அதை ஒரிஜினல்னு எழுதி வைக்காதீங்க.

குறிப்பு எழுதும்போது ஓப்பனிங், டைட்டில், எண்ட் கார்டு மூணுக்கும் தனித்தனி வருஷம் போடுங்க. மூணும் ஒரே வருஷமா அமையிற காப்பி அபூர்வம்.