அல்கான்குவினில் முதல் கனூ (துடுப்புப் படகு) பயணம்: இரண்டு இரவு, ஒரே ஒரு சுமைவழி

கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள அல்கான்குவின் பூங்கா 1893இல் அமைக்கப்பட்டது. பரப்பளவு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் சிங்கப்பூரைப் பத்துத் தடவை உள்ளே வைக்கலாம். வரைபடத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஏழெட்டு ஏரிகளைக் கோத்துப் பயணம் போடுவதுதான் முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறு. கனூ லேக்கில் இறங்கி, ஜோ லேக் வழியாக டாம் தாம்சன் லேக் வரை போய், வந்த வழியே திரும்புங்கள். படகைத் தூக்கிக்கொண்டு நடக்கும் சுமைவழி ஒன்றே ஒன்று, 295 மீட்டர். அதுவே போதும் என்று அங்கே போனதும் தெரியும்.

எப்போது போவது? மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈ பிடுங்கும். ஜூன், ஜூலையில் கொசு. ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும்தான் சரியான காலம். செப்டம்பர் கடைசியில் மேப்பிள் மரங்கள் சிவக்கும். ஆனால் இரவில் குளிர் உறைநிலையைத் தொடக்கூடும். ஈரமானால் பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலை எட்டாத உள்காட்டு முகாம்களுக்கு ஐந்து மாதம் முன்பே பதிவு திறக்கும். அங்கே காலை என்றால் இங்கே இரவு: கோடையில் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. நீங்கள் பதிவு செய்வது ஏரியைத்தான், குறிப்பிட்ட முகாமிடத்தை அல்ல. கரையில் ஆரஞ்சு நிறப் பலகை தெரியும் இடங்களில் முதலில் போய்ச் சேர்கிறவருக்கே இடம். அதனால் பிற்பகல் இரண்டு மணிக்குள் சேர்வது நல்லது. ஓர் இடத்தில் 9 பேருக்கு மேல் தங்கக்கூடாது.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விமானத்தில் போக 7 கனடிய வெள்ளி கட்டி மின்னியல் பயண அனுமதி எடுத்தால் போதும். இங்கே வேலை பார்க்கும் இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்கு விசா வேண்டும். முகாம் பதிவுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்டிய பழக்கம் இருந்தால் நல்லதுதான், ஆனால் கனூ வேறு. துடுப்புக்கு ஒரு பக்கம்தான் அலகு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி. முன்னால் இருப்பவர் வேகம் கொடுக்க, பின்னால் இருப்பவர் திசை பிடிக்க வேண்டும். புதியவர்கள் துடுப்பை மூன்று தடவை வலித்ததுமே பக்கம் மாற்றுவார்கள். படகு பாம்பு மாதிரி நெளிந்து போகும். பின்னால் இருப்பவர் துடுப்பை இழுத்து முடிக்கும்போது, அதன் மேல்முனையைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்பும்படி முறுக்கி, அலகைப் படகிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளினால் முகப்பு நேராகும். இறங்குமிடத்தில் ஒரு மணி நேரம் இதை மட்டும் பழகுங்கள்.

ஏறும்போது கனூ முழுவதும் தண்ணீரில் மிதக்கட்டும். பாதி கரையிலும் பாதி தண்ணீரிலும் கிடக்கையில் ஏறினால் அடிப்பக்கம் ஊன்றாமல் புரளும். குனிந்து, இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, காலை நடுக்கோட்டில் வையுங்கள். கனமான பையை நடுவில், தரையோடு தரையாக வையுங்கள். அலை எழுந்தால் முட்டி போடுங்கள். காற்று பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும். காலையிலேயே கிளம்பி, கரையை ஒட்டியே போங்கள். இதனால்தான் ஒப்பியாங்கோ போன்ற பெரிய ஏரி முதல் பயணத்துக்கு வேண்டாம்.

சட்டப்படி ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீட்டர் மிதவைக் கயிறு, தண்ணீர் இறைக்கும் குவளை, விசில் இருக்க வேண்டும். வாடகைக் கனூவோடு இவை வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

சுமைவழியின் முனையில் மஞ்சள் பலகை இருக்கும். கெவ்லார் என்ற லேசான இழையால் செய்த கனூ சுமார் 20 கிலோ, ஒருவரே தோளில் கவிழ்த்துப் போட்டுத் தூக்கலாம். பிளாஸ்டிக் கனூ 30 கிலோவைத் தாண்டும். வாடகை குறைவு என்று எடுத்தால் தோள்பட்டை கணக்குக் கேட்கும். சாமான்களை ஒரே நடையில் கொண்டுபோக முடியாவிட்டால் 295 மீட்டர் மூன்று மடங்காகும்: போய், திரும்பி, மறுபடி போய், கிட்டத்தட்ட 900 மீட்டர்.

சாப்பாட்டைத் தேக்காக் கடைகளிலிருந்து சுமந்து போக வேண்டாம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைய. கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது, அதையும் அங்கேயே வாங்குங்கள். உள்காட்டில் தகர டப்பாவும் கண்ணாடிப் போத்தலும் தடை. சார்டின் டின் கூடாது. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். இரண்டு பேருக்கு 150 கிராம் ரவையைக் கடுகு, மிளகாய் தாளித்து முன்பே வறுத்து வைத்தால், 400 மில்லி கொதிநீரில் பத்து நிமிடத்தில் உப்புமா. ஏரித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.

கரடிக்கு நம் சாம்பார்ப் பொடியும் நெய்யும் வெகுதூரம் மணக்கும். உணவு, பற்பசை, குப்பை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டராவது தள்ளித் தொங்கவிடுங்கள். 20 மீட்டர் கயிறு வேண்டும். இருட்டுவதற்கு முன்பே கிளையைத் தேர்ந்து கயிற்றை வீசிவிடுங்கள். இருட்டில் கல்லைக் கட்டி வீசினால் தலையில்தான் விழும். கழிப்பறை என்பது மரங்களுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி. கதவும் இல்லை, கூரையும் இல்லை.

கடைசி நாளைச் சாலைக்கு வையுங்கள். பூங்காவுக்குள் 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீட்டர் ஓடுகிறது. கிலோமீட்டர் எண்ணை வைத்துத்தான் எல்லா இடத்தையும் சொல்வார்கள். கனூ லேக் 14இல், பார்வையாளர் நிலையம் 43இல். சுமார் 40இல் இருக்கும் லுக்கவுட் பாதை 2 கிலோமீட்டர் சுற்று, ஏற்றம் செங்குத்து. ஹன்ட்ஸ்வில் ஊரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடு அது. இண்டிகேட்டர் குச்சி இடக்கையில் இருப்பதால், பழக்கத்தில் வலக்கைக் குச்சியைத் தட்டி முதல் நாள் முழுக்க வைப்பர்தான் ஆடும். அந்திக்குப் பிறகு வேகத்தைக் குறையுங்கள். மூஸ் மானின் கண் முகப்பு விளக்குக்கு மேலே இருப்பதால் மற்ற மான்களின் கண்போல் மின்னாது. காலும் நெடுங்கால், மோதினால் உடல் நேரே கண்ணாடியில் வந்து விழும்.