பி.எப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை: தொழிலாளருக்கு ஆலோசனை சொல்வதைத் தொழிலாகத் தொடங்குவது எப்படி? (பாலக்காடு–கோவை எல்லைப் பகுதியினருக்காக)

வாளையாரைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் இன்று வேலை பார்க்கும் தமிழர்களில் பலர், அதற்கு முன் கோவையில் ஏதோ ஒரு நூற்பாலையிலோ வார்ப்படப் பட்டறையிலோ சில ஆண்டுகள் உழைத்தவர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துக் குடும்பங்களில் கணவர் கேரளத்திலும் மனைவி தமிழ்நாட்டிலும் வேலைக்குப் போவது சாதாரணம். இப்படி இரு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் பணிக்காலத்தை ஒன்று சேர்த்துக் கொடுக்கத் தெரிந்த ஆள் இந்தப் பகுதியில் மிகக் குறைவு. பணம் எடுத்துக் கொடுக்கும் கணினி மையங்கள் பல இருக்கின்றன. எடுக்கலாமா, வேண்டாமா என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தை நிரப்ப விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கற்க வேண்டியது, பி.எப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைப் படிப்பது. தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. அதே அளவு முதலாளி செலுத்துவதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்கும் 3.67 சதவீதம் வைப்பு நிதிக்கும் போகின்றன. ஓய்வூதியப் பங்கு 15,000 ரூபாய் சம்பள வரம்பின் மீது கணக்கிடப்படுவதால், மாதம் 1,250 ரூபாய்தான் அதன் உச்சம். பாஸ்புக்கில் இந்த ஓய்வூதியப் பங்கைக் காட்டும் மூன்றாவது பத்தியைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் கோவை ஆலையில் 8 ஆண்டுகள், பின்னர் கஞ்சிக்கோட்டில் 6 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுப்பது 1995ஆம் ஆண்டு பி.எப். ஓய்வூதியத் திட்டத்தின் சூத்திரம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 14 ஆண்டுகள் என்றால் 58 வயதில் மாதம் 3,000 ரூபாய் வரும். அதே மனிதர் கோவை ஆலையை விட்டபோது, அவசரத் தேவைக்காக ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தால், அந்த 8 ஆண்டுகள் கணக்கிலிருந்து அழிந்துபோகின்றன. மிஞ்சிய 6 ஆண்டுகளுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது, ஏனெனில் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். பத்தாண்டு நிறையாதவர் வேலையை விடும்போது, படிவம் 10சி மூலம் பணத்தைக் கேட்பதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவைத்தால், அந்தப் பணிக்காலம் அடுத்த வேலையோடு சேரும். இந்த ஒரு செய்தியைச் சரியான நேரத்தில் சொல்வதே இந்தத் தொழிலில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களிடம் வருகிறவர் பெரும்பாலும் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் எல்லாக் காகிதங்களையும் போட்டு எடுத்து வருவார். அவற்றை மேசையில் பரப்பி, ஆதார், பான், வங்கிப் புத்தகம், பி.எப். பதிவு ஆகிய நான்கிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் ‘முருகேசன் எம்’ என்றும், ஆலைப் பதிவில் ‘எம். முருகேஷன்’ என்றும், வங்கியில் தந்தை பெயர் விரிவாகச் சேர்ந்து ‘முருகேசன் முத்துசாமி’ என்றும் இருக்கும். தலைப்பெழுத்து எழுதும் நம் வழக்கமும், மலையாள எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதும் சேர்ந்து ஒரே மனிதரை மூன்று பேராக்கிவிடும். பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி ஆகியவற்றையும் இப்படியே சரிபார்க்க வேண்டும். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதார் அடிப்படையில் வழங்கப்பட்ட யு.ஏ.என். எண்ணாக (வேலை மாறினாலும் மாறாத பி.எப். பொது எண்) இருந்தால், 2025 தொடக்கத்திலிருந்து இத்தகைய திருத்தங்களில் பலவற்றை உறுப்பினரே முதலாளியின் ஒப்புதல் இன்றி இணையத்தில் செய்துகொள்ள முடிகிறது. அதற்கு முந்தைய எண்களுக்கு முதலாளி வழியாகக் கூட்டு உறுதிமொழி (தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்) தேவைப்படலாம். ஆலை மூடப்பட்டிருந்தால் பழைய சம்பளச் சீட்டும் பணி அடையாள அட்டையும்தான் கைகொடுக்கும். ஆகவே எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட வேண்டாம் என்று வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாஸ்புக்கில் உறுப்பினர் எண்ணின் முன்னால் உள்ள எழுத்துகள், கணக்கு எந்த மண்டல அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். கோவைக் கணக்கும் கேரளக் கணக்கும் ஒரே யு.ஏ.என். எண்ணின் கீழ் வருகின்றனவா, இல்லை அவருக்கே இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்பதை இதை வைத்துக் கண்டறிந்து, பழையதைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பிக்கச் செய்யுங்கள். வாரிசு நியமனத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு, வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்; நியமனம் இல்லாத குடும்பம் அதற்காக வாரிசுச் சான்றிதழுடன் மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இதைவிட எளிது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு, அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சிகிச்சை மட்டும்தான் இதில் உண்டு என்று நினைப்பவர்களிடம், நோய்க்கால விடுப்புக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும், பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளமும் உண்டு என்பதைச் சொல்லுங்கள். கஞ்சிக்கோட்டில் வேலை செய்பவரின் குடும்பம் கோவையில் இருந்தால், குடும்பத்துக்கென அங்கே தனி மருந்தகத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். மேல்சிகிச்சைக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

பணிக்கொடைக்கு, அதாவது வேலையை விடும்போது முதலாளி மொத்தமாகத் தரும் தொகைக்கு, ஒரு சூத்திரம் போதும்: கடைசி மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய், 7 ஆண்டுகள் என்றால் 73,500 ரூபாய். மத்தியச் சட்டம் 1972இல் வருவதற்கு முன்பே, 1970இல் கேரளம் தனக்கென்று ஒரு பணிக்கொடைச் சட்டம் இயற்றியிருந்தது. இந்த மண்ணில் தொழிலாளர் உரிமை பேசுவது புதிதல்ல என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உண்டு. படிகள் (அலவன்ஸ்) மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளமாகவே கணக்கிடப்படும். 2025 அக்டோபரில் பி.எப். மத்திய அறங்காவலர் குழு, கணக்கில் 25 சதவீதத்தை எப்போதும் இருப்பாக வைப்பது உள்ளிட்ட மாற்றங்களை முடிவு செய்தது. இவ்வளவு வேகமாக விதிகள் மாறுவதால், யூடியூப் காணொளியை நம்பாமல், அரசிதழ் அறிவிப்பையும் துறைச் சுற்றறிக்கையையும் நேரடியாகப் படிக்கும் பழக்கம் வேண்டும். கேரளத் தொழிலாளர் துறை அறிவிப்புகளுக்காக மலையாளம் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, இந்த வேலைக்கு உரிமம் என்று எதுவும் தேவையில்லை. ஆனால் அடித்தளம் வேண்டும். சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மைப் பட்டங்களை நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் கேரளத் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. என் கருத்தில், பட்டத்தைவிட முக்கியம், ஊதியப் பட்டியல் தயாரிக்கும் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் ஓரிரு ஆண்டு எழுத்தராக இருப்பது. மாதாமாதம் பி.எப். கட்டும் சலான் போட்டுப் பழகியவருக்கு, பிடித்தம் செய்த பணம் கட்டப்படாமல் இருப்பது பாஸ்புக்கைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதன்பின் ஆலையின் மனிதவளப் பிரிவுக்கோ, தொழிற்சங்க அலுவலகத்துக்கோ போகலாம், யு.பி.எஸ்.சி. நடத்தும் பி.எப். அமலாக்க அலுவலர் தேர்வை எழுதலாம், தனியாகவும் அமரலாம்.

தனியாக அமர்கிறவர் சில எல்லைகளை மீறக் கூடாது. வருகிறவரின் கடவுச்சொல்லை எழுதி வைக்காதீர்கள், ஓ.டி.பி.யை அவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்காமல், வேலைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வையுங்கள். சதவீதம் வாங்குகிறவருக்கு, பணத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. காப்பீடு விற்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.வின் உரிமமும், கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்வதற்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவும் தேவை. அவை இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். முதலாளி உங்களைச் சம்பளத்துக்கு வைத்துத் தொழிலாளருக்கு விளக்கச் சொன்னால், யார் உங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒப்பந்ததாரர் பி.எப். கட்டாமல் ஏமாற்றினால் முதன்மை முதலாளியே பொறுப்பு. அந்நிலையில் ஊதியச் சீட்டுகளை இணைத்து பி.எப். குறைதீர் தளத்தில் புகார் பதிவு செய்ய உதவுங்கள். மாவட்டந்தோறும் மாதத்தின் 27ஆம் தேதி பி.எப். துறை நடத்தும் ‘நிதி ஆப்கே நிகட்’ குறைதீர் முகாமுக்கு அவரோடு நீங்களும் போவது நல்லது. பேச்சு பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும் என்பதால், அலுவலர் சொல்வதை அங்கேயே தமிழில் அவருக்கு எடுத்துச் சொல்லி, புகார் எண்ணையும் அடுத்து வர வேண்டிய தேதியையும் அவருடைய நோட்டில் எழுதிக் கொடுங்கள்.