டெர்ம் பாலிசியை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம், ஏஜென்ட் தேவையா?

டெர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு, எடுக்கக் கிளம்பும் பலரும் முதலில் பார்ப்பது பிரீமியத்தைத்தான். ஒரு பாலிசி 60 வயது வரைக்கும், இன்னொன்று 85 வரைக்கும் என்றால் விலை எப்படி ஒன்றாக இருக்கும்? காப்பீட்டுத் தொகை, எந்த வயது வரை, எத்தனை வருஷம் கட்டணும், இந்த மூன்றும் ஒத்துப் போனால்தான் அது ஒப்பீடு. ‘கட்டிய பணம் திரும்ப வரும்’ ரகத்தைச் சாதா டெர்மோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது, அந்தத் திரும்ப வரும் பணத்துக்காகத்தான் வருஷா வருஷம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள், அதுவும் வட்டியில்லாமல். பழைய வீடியோக்களில் சொல்லும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு அது கிடையாது.

அடுத்தது, சேமிப்பும் காப்பும் சேர்ந்த பாலிசியை விற்பவர்கள் சொல்லும் “போட்டது டபுளாகும் சார்”. வருஷம் 1 லட்சம் வீதம் 20 வருஷம் கட்டி, கடைசியில் 40 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸலில் போட்டுப் பாருங்கள், வருஷ வருமானம் 6 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அது போதும் என்பவர் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இந்த மாதிரிப் பாலிசிகளில் உயிர்க் காப்பு பெரும்பாலும் 15, 20 லட்சத்தில் நின்றுவிடும். மாதம் 50,000 சம்பாதிப்பவருக்கு அது மூன்று வருஷச் சம்பளம்தான், பிள்ளை எட்டாவது படிக்கும் வீட்டுக்கு எப்படிப் போதும்?

கிளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோவில், அதாவது வந்த கிளெய்ம்களில் நூற்றுக்கு எத்தனைக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கில், 98.4-க்கும் 98.9-க்கும் சண்டை போடுவது வீண். எத்தனை கிளெய்ம் கொடுத்தார்கள் என்பதோடு எவ்வளவு தொகை கொடுத்தார்கள் என்ற கணக்கையும் பாருங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது தணிந்திருந்தால், பெரிய தொகைகள் அங்கே மாட்டுகின்றன என்று சந்தேகப்படலாம்.

சரி, ஏஜென்ட்? தனிநபர் ஏஜென்ட் ஒருவர் ஒரே ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் வேலை செய்ய முடியும், விதியே அப்படி. அவரிடம் போய் “எது சார் நல்ல பாலிசி?” என்றால் தன் கம்பெனி பாலிசியைத்தானே சொல்வார், அதில் அவர் மேல் தப்பில்லை. பேங்க் பல கம்பெனிகளின் பாலிசியை விற்கலாம், ஆனால் எஃப்டி போடப் போன பெரியவர் கையில் பாலிசி பத்திரத்தைத் திணித்து அனுப்புவதும் அதே கவுன்டர்தான். முதல் பிரீமியத்தில் பாதியை நான் கட்டுகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை, கமிஷனிலிருந்து தள்ளுபடி தருவதை இன்ஷூரன்ஸ் சட்டம் 41-ஆம் பிரிவு தடை செய்கிறது, வாங்கிக்கொள்வதும் குற்றம்தான்.

நிஜமான ஆபத்து விண்ணப்பத்தில் இருக்கிறது. புகையிலை உண்டா, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களா, அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்ததா என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். “எல்லாத்துக்கும் நோ போட்டுடலாம் சார், பிரீமியம் ஏறாது” என்று விற்பவர்களே டிக் அடித்துவிட்டு உங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குவார்கள். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் 45-ஆம் பிரிவின்படி எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்பது உண்மை, ஆனால் இரண்டாவது வருஷமே ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனிக்காரர்கள் மருத்துவமனைப் பழைய சீட்டு வரைக்கும் தோண்டுவார்கள், அப்போது அலையப் போவது உங்கள் மனைவி. அதனால் யார் மூலம் எடுத்தாலும் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். பாலிசி வந்ததும் கூடவே வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள், பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால், படிவம் நிரப்பத் தெரிந்தவர் சாதா டெர்மை ஆன்லைனில் நேரடியாக எடுப்பதே நல்லது, பல நேரம் விலையும் குறையும். வீட்டில் பேப்பர் வேலைக்கு ஆள் இல்லை என்றால் ஏஜென்ட் உபயோகம்தான், அப்புறம் அவரிடம் கேட்க வேண்டியது போனஸ் கணக்கு அல்ல. இதுவரை எத்தனை வீட்டுக்கு டெத் கிளெய்ம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அதில் ஒருவரிடம் நான் பேசலாமா என்று கேளுங்கள்.