பெர்க்கில் நாலு நாள்: காசு எங்கே கரைகிறது?

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் (சுருக்கமாக 'பெர்க்') மலையடிவாரத்தில் நாலு நாள் தங்கி வர ஒரு குடும்பத்துக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஆனால் போய்வந்தவர்களிடம் கேட்டால், "நினைச்சதைவிட இரண்டு மடங்கு ஆயிடுச்சு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மலைக்குப் போனது கொஞ்சம்தான். மீதி, தப்பான வாரத்தில் கிளம்பியதற்கும், வேண்டாத சாப்பாட்டுக்கும், கைவைக்கக் கூடாத இடத்தில் மிச்சம்பிடித்ததற்கும் போயிருக்கும்.

முதலில் நாள் பார்ப்பது. முகூர்த்தம் பார்க்கிற இங்குள்ள தமிழர்களான நாம் விடுமுறைக்கு நாள் பார்ப்பதில்லை. டிசம்பர், ஈஸ்டர், ஜூன்-ஜூலை பள்ளி விடுமுறை ஆகிய மூன்றிலும் டர்பன்காரர்களும் ஜோஹன்னஸ்பர்க்காரர்களும் சேர்ந்தே மலைக்குக் கிளம்புவார்கள். அதே அறை, அதே கட்டில், வாடகை மட்டும் வேறு. லாங் வீக்கெண்டும் அப்படித்தான். இந்த நாட்டில் அரசு விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமையும் லீவு. அந்த மூன்று நாள்களுக்குப் பல விடுதிகள் குறைந்தது இரண்டு இரவாவது தங்கினால்தான் அறை தருவோம் என்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீடு, பணி ஓய்வு பெற்ற பெற்றோர், கைக்குழந்தை உள்ள தம்பதி எல்லாம் ஏன் அந்தக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மே மாதம் ஒரு திங்கள் முதல் வியாழன் வரை போய்ப் பாருங்கள். மழைக்காலம் முடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், புல் பொன்னிறமாக மாறத் தொடங்கியிருக்கும். வார நடுவில் கட்டணக் குறைப்பு உண்டா, மூத்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது, தங்குமிடம் என்றாலே ஹோட்டல் என்று நினைப்பது. குவாசூலு-நடால் மாகாணத்தில் மலைப்பகுதிக் காப்பகங்களை எசெம்வேலோ என்ற மாகாண வனவிலங்கு அமைப்பு நடத்துகிறது. ராயல் நடால் பூங்காவுக்குள் மஹாய் என்ற கூடார முகாம் இருக்கிறது. பக்கத்திலேயே ஓடை, பொதுக் குளியலறையில் வெந்நீர், தலையை நிமிர்த்தினால் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஆம்பிதியேட்டர் பாறைச்சுவர். அதே சுவரைப் பார்க்கிற ஹோட்டல் அறைக்கு ஆகும் வாடகையில் இங்கே ஒரு சின்னப் பகுதிதான் செலவு. கூடாரம் ஒத்துவராத வயதானவர்கள் இருந்தால், சமையலறையோடு கூடிய ஷாலேயோ (சிறு மலைவீடு) ரொண்டாவலோ (வட்டக் குடில்) எடுத்து இரண்டு குடும்பமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களின் பட்ஜெட் உடைவது இங்கேதான். மலையில் உள்ள ஹோட்டல்கள் பலவற்றில் இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றையும் சேர்த்து ஒரே விலை சொல்வார்கள். கேட்க லாபம்போல இருக்கும். ஆனால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும் பள்ளி விடுமுறை சரியாகப் புரட்டாசியில் விழுகிறது. வீட்டில் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் துண்டு போட்டுப் பரிமாறும் விருந்துக்குப் பணம் கட்டிவிட்டு, வேகவைத்த பூசணியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு எழுந்து வருவோம். அந்தக் காசில் நாலு நாள் சமையலை முடித்துவிடலாம்.

நாமே சமைத்துக்கொள்கிற 'செல்ஃப் கேட்டரிங்' என்று எடுத்துவிட்டு வெறுங்கையோடு போவதும் தவறுதான். மலையடிவார ஊர்களான பெர்க்வில்லிலும் வின்டர்டனிலும் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. பால், ரொட்டி, காய்கறிக்குப் பஞ்சமில்லை. கறிவேப்பிலையும் துவரம்பருப்பும் நம் மசாலாத்தூளும் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டர்பனில் வாங்குகிற கடையிலேயே வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். குக்கரை மறக்கவே கூடாது. மஹாய் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் வேகிற நேரத்தில் பருப்பு திறந்த பாத்திரத்தில் வேகாது, எரிவாயுதான் தீரும்.

சுகர் பீன்ஸ் கறியை வீட்டிலேயே வைத்து, தட்டையான டப்பாக்களில் உறையவிட்டு எடுத்துப் போவதுதான் நான் பார்த்ததிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை. போகிற வழியில் அந்த டப்பாக்களே கூலர் பாக்ஸுக்கு ஐஸ்கட்டி. தயிரும் பாலும் கெடாது. முதல் நாள் மாலை கூடாரம் அடித்து முடித்துக் களைத்து உட்காரும்போது பாதி உருகியிருக்கும், ஒரு கொதி விட்டால் போதும். ரொட்டியைக் குடைந்து உள்ளே ஊற்றினால் பிள்ளைகளுக்கு டர்பன் பாணி 'பன்னி சௌ'வும் ஆயிற்று. முகாமில் இருக்கிற பிராய் (கறி சுடும் திறந்தவெளி அடுப்பு) கம்பிவலையில் யார் யாரோ சுட்ட பூர்வோர்ஸ் என்ற இறைச்சிக் குழலின் கொழுப்பு ஒட்டியிருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் சொந்தமாக ஒரு சின்ன வலை கொண்டுபோவது நல்லது. சோளத்தையும் கத்தரிக்காயையும் அதில் சுடலாம். விறகு முகாமிலேயே விற்பார்கள். காப்பகத்துக்குள் சுள்ளி பொறுக்க அனுமதி இல்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன சாப்பாட்டைப் பபூன் குரங்குகளுக்குப் படையல் வைத்துவிடாதீர்கள். பகலில் எல்லோரும் நடக்கப் போனதும் அவை இறங்கி வரும். கூடாரத்து ஜிப்பைத் திறக்க வராவிட்டால் துணியைக் கிழித்துவிடும். முறுக்கு டப்பா ஒன்று உள்ளே இருந்தது என்பதற்காகப் புதுக் கூடாரம் வாங்க நேர்ந்த குடும்பம் உண்டு. சாப்பிடுகிற பொருள் எதுவானாலும் காருக்குள், கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டு. பற்பசைகூட.

குளிரில் மிச்சம்பிடிக்காதீர்கள். இங்கே ஜூலைதான் குளிர்காலம்; டர்பன்காரர்களுக்கு அது ஒரு ஸ்வெட்டர். பெர்க்கில் அதே ஜூலையில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி படிந்திருக்கும். மெல்லிய போர்வையோடு போன குடும்பம் நள்ளிரவில் காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும். மறுநாள் கிடைத்த விலைக்கு ஹோட்டல் அறை எடுக்கும். மேலே எத்தனை போர்வையோ அத்தனை கீழேயும் விரியுங்கள், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். கூடாரத்துக்குள் மட்டும் கரியடுப்போ கேஸ் ஹீட்டரோ வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

பெட்ரோல் விலை இங்கே மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். ஏறப்போகிறது என்று தெரிந்தால் செவ்வாயன்றே டேங்கை நிரப்புங்கள். கடலோரத்தைவிட உள்நாட்டில் விலை கூடுதல் என்பதால் டர்பனிலிருந்து புறப்படுபவர்கள் ஊரிலேயே நிரப்பிக்கொள்வது லாபம். டோல் கட்டணத்தை நினைத்து என்3 நெடுஞ்சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகிறவர்கள் உண்டு. ஹோவிக்கைத் தாண்டிப் போகும் பழைய ஆர்103 சாலை பகலில் அருமையான வழி. 1962 ஆகஸ்ட் 5-ல் மண்டேலா கைதான இடம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது, நின்று பார்த்துவிட்டே போகலாம். இருட்டியபின் அந்த மாதிரிச் சாலைகள் வேறு கதை. குழி தெரியாது, மாடு தெரியாது, அந்த மிட்லேண்ட்ஸ் பகுதியின் மூடுபனியில் முன்னால் போகும் லாரியும் தெரியாது. ஒரு டயரும் ரிம்மும் போனால் பத்து டோலுக்கான காசு போயிற்று.

லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸைப் பற்றி ஒரே வார்த்தை: சாதாரணக் காரில் முயலாதீர்கள். மேலே ஏற நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி வேண்டும், உச்சியில் லெசோத்தோ என்பதால் பாஸ்போர்ட்டும் வேண்டும். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அடிவாரத்து ஊரான அண்டர்பர்க் வரை போன பெட்ரோல் வீண்.

சென்னையிலிருந்து சித்தி, சித்தப்பா வந்திருக்கும்போது கூட்டிப்போவதானால் நுழைவுக் கட்டணத்தை முன்கூட்டியே பாருங்கள். தேசியப் பூங்காக்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. கோல்டன் கேட் அப்படிப்பட்ட பூங்கா. இங்கேயே வசிக்கிறவர்கள் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் வாசலில் வாதாடிப் பயனில்லை. செப்டம்பரில் ஒரு வாரம் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்குப் பகல் நுழைவு இலவசம். அது எசெம்வேலோவின் பெர்க் முகாம்களுக்குப் பொருந்தாது என்பதை மறந்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிசம்பர் நெருங்கினால் ஃபேஸ்புக்கில் மலைவீடுகள் பாதி விலைக்கு முளைக்கும். தனிநபர் வங்கிக் கணக்குக்கு இன்றைக்கே முன்பணம் அனுப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

மலையில் பொழுது போக்கக் காசு கட்ட வேண்டும் என்பதும் பிரமை. குவாட் பைக், கயிற்றுச் சறுக்கல் என்று பிள்ளைகள் கைகாட்டுவதற்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று கட்டினால் முகாம் வாடகையைத் தாண்டிவிடும். ராயல் நடாலில் நுழைவுக் கட்டணம் கட்டியபின் துகேலா ஆற்றுப் பள்ளத்தாக்கு நடைக்குத் தனிக் கட்டணம் இல்லை. போய்வர 14 கிலோமீட்டர், பாறைகளைத் தாண்டி, ஓடையைக் கடந்து. பெரியவர்கள் பாதி வழி நடந்து, தண்ணீரில் காலை நனைத்துத் திரும்பினாலே போதும். பெர்க்கின் இன்னொரு காப்பகமான ஜயண்ட்ஸ் காசிலில், இந்நாட்டுப் பூர்வகுடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்களைப் பார்க்க வழிகாட்டியோடு போக வேண்டும். அதற்கான சிறு கட்டணம் கொடுக்கத் தகுந்தது.

கோடையில் நடப்பதானால் ஆறு மணிக்கே கிளம்புங்கள். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும், திறந்த புல்வெளியில் ஒதுங்க இடம் இருக்காது. கிளம்பும்முன் முகாம் அலுவலகத்தில் இருக்கிற மலைப் பதிவேட்டில் பெயரையும் போகும் பாதையையும் எழுதுங்கள், திரும்பியதும் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பிராய் மூட்டிக்கொண்டிருக்கும்போது தேடுதல் குழு டார்ச்சோடு மலையில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.