ரெனே: கடைசி ‘இ’ விழுந்தால் பெண் ஆணாகிவிடுவாள்

பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்களும் புதிதாக மொழிபெயர்க்க வருகிறவர்களும் இந்தப் பெயரில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கடைசி எழுத்தை விழுங்குவது

ஆண் பெயர் ஆர்-இ-என்-இ. பெண் பெயருக்குக் கடைசியில் இன்னொரு இ உண்டு. உச்சரிப்பு ஒன்றுதான், தமிழில் எழுதினாலும் வித்தியாசம் தெரியாது. தத்துவவாதி ரெனே தெக்கார்த்துக்கு ஒரு எழுத்து குறைவு. 12ஆம் லூயி மன்னருக்கு 1510இல் பிறந்த மகள் ரெனேவுக்கு ஒன்று கூடுதல். லண்டனில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய விவியன் என்ற பெண் கவிஞர் 1901இல் ‘ஆர். விவியன்’ என்றும், பிறகு ஆண் ரெனேயாகவும் நூல் வெளியிட்டார். பெண் ரெனே ஆனது 1903இல்தான்.

கையெழுத்துப் பதிவேட்டில் மை மங்கியிருக்கும், கடைசி எழுத்து ஓரத்தில் சுருங்கியிருக்கும். பெயரை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள சொற்களைப் பாருங்கள். மகன் என்றால் ‘ஃபிஸ்’, மகள் என்றால் ‘ஃபீய்’. பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றவர் என்ற சொற்களும் பெண்ணுக்கு ஒரு இ கூட்டிக்கொள்ளும். லத்தீன் பதிவானால் ரெனாட்டுஸ் ஆண், ரெனாட்டா பெண். பிறப்புப் பதிவின் ஓரத்தில் திருமணக் குறிப்பு இருந்தால் துணைவர் பெயரும் கிடைக்கும். இத்தனை வழி இருந்தும் பாட்டியைத் தாத்தாவாக்கிக் குடும்ப மரம் வரைகிறார்களே!

பெரிய எழுத்தில் எழுதும்போது மேல்குறியை (இ-யின் தலையில் வரும் சாய்கோட்டை) பலர் விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியிலும் குறி இருக்காது. குறி போனால் சமாளிக்கலாம். எழுத்து போனால் ஆவணங்கள் பொருந்தாது. குறி வர வேண்டியது ‘என்’னுக்கு அடுத்த இ-யின் தலையில், பெண் பெயரின் கடைசி இ-க்கு வேண்டாம்.

பிரான்சில் எழுத்துப்பிழைத் திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. 2016 நவம்பர் சட்டத்துக்குப் பிறகு முதற்பெயர் மாற்ற நீதிமன்றம் போக வேண்டாம், நகராட்சியில் விண்ணப்பிக்கலாம். பதிவாளரின் பிழைக்கு இந்த விண்ணப்பத்தைப் போடாதீர்கள்.

‘மறுபிறவி’ என்று பொருள் சொல்வது

ஞானஸ்நானத்தால் புதிதாகப் பிறத்தல் என்பதே பொருள். முன்ஜென்மக் கதை இதில் இல்லை.

பெயரைப் பார்த்ததும் பாலினம் முடிவு செய்வது

‘அன்’ என்றால் பெண் என்றுதான் தோன்றும். ஆனால் அன் தெ மோன்மொரான்சி (1493–1567) பிரெஞ்சுப் படைத்தலைவர். ஆண்.

இணைப்புக்கோட்டை வெட்டுவது

மரி-ரெனே ஒரே பெயர். மரியை மட்டும் எடுத்து எழுதாதீர்கள்.