புதிதாகப் பணியேற்கும் செவிலியரின் சீருடைப் பைக்கு ஒரு சிறு நோட்டு

மண்டபம், பாம்பன், தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் முதன்முதலாக இரவுப் பணி ஏற்கும் செவிலியரைக் கலங்கடிப்பது, பெரும்பாலும் நோயைவிடக் கணக்குதான். எனவே சீருடைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, வார்டு அமைதியாக இருக்கும்போதே சொட்டு வேகத்தைக் கணக்கிட்டு எழுதிவிடுங்கள். 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமெனில், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் (சலைன் ஏற்றும் குழாயில்), 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு வரும். செட்டின் உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் 20 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறு சொட்டுகளாக விழும் மைக்ரோ செட்டில் அது 60.

மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தையும் அளவையும் எழுதி, அவரிடமே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். அவர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. என்னிடமும் சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

காலில் திருக்கை மீனின் முள் குத்தி, விடியற்காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு வரும் மீனவரைப் பற்றி உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருத்துவர் சொன்னால், காயம்பட்ட காலை 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருப்பது வலியைத் தணிக்கும். ஆனால் நீரின் சூட்டை, வலியில் உணர்வு மங்கிய அந்தக் காலால் அல்லாமல், முதலில் உங்கள் கையால் சோதித்துப் பாருங்கள்.